இடது பக்கப் பறவை

மழை வந்தால் ஊரில் எல்லோருக்கும் மனம் இளகும். ஊசிக்கு மட்டும் முகம் சுருங்கும்.

ஊசி என்பது அருங்காட்சியகத்தில் அவளுக்கு வைத்த பெயர். பழங்காலத் துணிகள் மேலும் கிழியாமல், சாயம் போகாமல், பூச்சி அரிக்காமல் காப்பாற்றி வைப்பது அவள் உத்தியோகம். கையில் எப்போதும் ஒரு வளைந்த ஊசி இருக்கும். நாக்கு நுனியில் இன்னொன்று இருப்பதாக உடன் வேலை செய்பவர்கள் சொல்வார்கள்... அவள் காதில் விழும்படியே சொல்வார்கள். துணிக்கு ஈரம் ஆகாது என்பதால் வானம் இருட்டினாலே அவள் ஓட ஆரம்பித்துவிடுவாள். ஜன்னல்களைச் சாத்துவாள், கதவிடுக்கில் துணியைச் செருகுவாள், குடையோடு வருகிறவர்களைக் குற்றவாளியைப் பார்ப்பதுபோல் பார்ப்பாள்.

அன்றும் அப்படித்தான். மத்தியானம் பிடித்த மழை விடவில்லை. வேலையறையில் ஊசி தனியாக இருந்தாள். எதிரே, தலையும் கையும் இல்லாத ஒரு பொம்மையின் மேல், அவள் உயிரையே வைத்திருந்த அந்தப் பூசை அங்கி. அப்போது பக்கவாட்டுக் கதவு படாரென்று திறந்தது.

வாசற்படியில் ஒருவன். தலையிலிருந்து தண்ணீர் ஒழுகியது. சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. நெஞ்சோடு அணைத்திருந்த அட்டைப் பெட்டி மட்டும் பிளாஸ்டிக் உறைக்குள் சொட்டுக்கூட நனையாமல் ஜம்மென்று இருந்தது.

“அப்படியே நில்லுங்க. ஒரு அடி எடுத்து வைக்கக் கூடாது.”

அவன் ஒரு காலைத் தூக்கியபடியே நின்றுவிட்டான். “தூக்கின காலை எங்க வைக்கட்டும்?”

“வெளிய வைங்க.”

“வெளிய மழை பெய்யுதுங்க.”

“அதான் தெரியுதே... பாதி மழையை நீங்களே கொண்டு வந்துட்டீங்க.”

அவன் விளக்கு போடுகிறவன். நாணயக் கூடத்தில் எரியாத பல்புகளை மாற்ற வந்திருக்கிறான். கண்மண் தெரியாமல் ஓடிவந்தவன், கையில் அகப்பட்ட முதல் கதவைத் தள்ளிவிட்டான். நாணயக் கூடத்துக்கு வெளியே சுற்றிப் போனால் கட்டடத்தின் மறுகோடிவரை நடக்க வேண்டும். இந்த அறை வழியாகப் போனால் நாலு எட்டு. அந்த நாலு எட்டுக்கு அவன் பணிவாக அனுமதி கேட்டான். சொட்டுவது நிற்கும் வரை வாசற்படியிலேயே நிற்க வேண்டும் என்று ஊசி தீர்ப்பு சொல்லிவிட்டாள்.

நின்றான்... கொடியில் போட்ட துணி மாதிரி நின்றான்.

ஊசி தைக்கிற பாவனையில் குனிந்துகொண்டாள். பெட்டியை நனையாமல் காப்பாற்றத் தெரிந்தவருக்குத் தன்னைக் காப்பாற்றத் தெரியவில்லையே என்று கேட்டும் வைத்தாள்.

“பல்பு நனைஞ்சா வீணாப் போயிடும். நான் காய்ஞ்சிடுவேன்ல...”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அது அவள் பேச வேண்டிய பேச்சு. பெட்டிக்கு உறையைப் போர்த்திவிட்டுத் தான் நனைந்து வரும் ஆள், இந்தக் கட்டடத்தில் இதுவரை அவள் ஒருத்திதான். அவன் இமை மயிரில் ஒரு துளி விழாமல் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே ரொம்பக் கறுப்பான கண்கள்... சிரிப்பை அடக்கத் தெரியாத கண்கள். அந்தத் துளி விழுகிறதா பார்ப்போம் என்றுதான் அவள் பார்த்தாள். விழுந்த பிறகும் ஏன் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று அவளைக் கேட்டால் அவளுக்கே தெரியாது.

சட்டென்று எழுந்துபோய் ஒரு பழைய துண்டைக் கொண்டுவந்து நீட்டினாள். தலையைத் துவட்டிக்கொண்டே அவன் கண்ணால் அங்கியைக் காட்டி, அது யாருடைய உடை என்று கேட்டான்.

கேட்க வேண்டியதுதான் பாக்கி... ஊசி மடை திறந்தாள். ஒரு பழைய தேவாலயத்தில் குருவானவர் பூசை வைக்கும்போது போட்டுக்கொண்ட மேலங்கி அது. தந்த நிறப் பட்டு, அதில் பொன்னிழையில் திராட்சைக் கொடி, தோளுக்கு ஒன்றாகச் சிவப்புப் பட்டுநூலில் இரண்டு பறவை. எத்தனையோ தலைமுறையாகத் தேவாலயத்து அலமாரியின் அடித்தட்டில் மடிந்து கிடந்திருக்கிறது. அந்தத் தேவாலயத்துக்காரர்களே கண்டெடுத்து இங்கே கொடுத்தார்கள். அவர்களில் ஒருவர்கூட இதை விரித்துப் பார்த்ததில்லை. மடிப்பில் வெடித்திருந்த பட்டை இழை இழையாகச் சேர்த்தெடுத்தவள் அவள். சீக்கிரம் திறப்பு விழா... அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவர்கள் இதை முழுசாகப் பார்க்கப்போகிறார்கள்.

அவன் வாசலில் நின்றபடியே கழுத்தை நீட்டிப் பார்த்தான். “ஒண்ணு கேட்டா திட்ட மாட்டீங்களே... அந்த ரெண்டு பறவையும் சண்டை போட்டுட்டு முறைச்சுக்குதா?”

ஊசிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் பறவைகளைப் பார்த்தவர்கள் எல்லோரும் ஆகா, என்ன அன்பு என்றுதான் சொன்னார்கள். அவளுக்கு மட்டும் முதல் நாளிலிருந்தே அவை ஒன்றை ஒன்று முறைப்பதாகத்தான் பட்டது. அதை வெளியே சொன்னால் கிண்டல் செய்வார்கள் என்று வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

“வலது பக்கப் பறவையோட மூக்கைப் பாருங்க,” என்றாள் ரகசியமாக. “அதுக்குத்தான் கோபம் ஜாஸ்தி.”

அவன் பார்த்தான்... வேறு பறவையை.

அது இடது என்றாள் அவள். இல்லையே, வலதுதானே என்று அவன் கையை நீட்டிக் காட்டினான். ஊசி வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அவள் தொழிலில் வலது என்றால் உடுத்தியவரின் வலது. பார்க்கிறவர் எங்கே நின்றாலும் அது மாறாது. அவன் தொழிலில் எல்லாமே பார்க்க வருகிறவர்களுக்காக. அவர்கள் கைக்கு எது வலதோ அதுதான் வலது.

“அப்போ உலகத்துல ரெண்டு வலது இருக்குன்னு சொல்லுங்க,” என்றான் அவன். “இது தெரியாம இத்தனை நாள் வாழ்ந்துட்டேனே...”

சொட்டுவது எப்போதோ நின்றுவிட்டிருந்தது. இருவரும் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. கிளம்பும்போது, பல்புப் பெட்டி நனைந்துவிடும் என்ற சாக்கில் ஊசி தன் குடையைக் கொடுத்தாள். நாளைக்கே திருப்பித் தருவதாக அவன் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னான்.

அன்று நனைந்து வீட்டுக்கு வந்தவளை அண்ணி ஏற இறங்கப் பார்த்தாள். குடையை மறந்துவிட்டேன் என்று ஊசி சொன்னாள். குண்டூசியைக்கூட எண்ணி வைக்கிறவள் குடையை மறந்தாளாம்... அண்ணி துண்டை எடுத்து அவள் தலைமேல் போட்டாள்.

நாணயக் கூடத்தின் வெளிச்சம் அருங்காட்சியக இயக்குநருக்குப் பிடித்துப்போனது. அவர் அதிகம் பேசாத அம்மாள். பேசினால் மறுபேச்சுக்கு இடம் இருக்காது. அங்கிக் கூடத்துக்கும் அவனையே விளக்கு போடச் சொல்லிவிட்டார். செய்தியைக் கேட்ட ஊசி முகத்தை ரொம்பச் சாதாரணமாக வைத்துக்கொண்டாள். அது அவளுக்குச் சுலபமாக இல்லை.

அவன் தினமும் வந்தான். தினமும் குடையை மறந்தான். “வீட்டு வாசல்லயே எடுத்து வச்சேங்க... செருப்பு போட்டேன், பூட்டினேன், குடையைப் பாத்தேன்... வந்துட்டேன்.” பார்த்துவிட்டா வந்தீர்கள் என்று அவள் கேட்டாள். ஆமாம், அழகாக இருந்தது என்றான்.

வெளிச்சத்தில்தான் முதல் தகராறு. சாயம் வெளிறாமல் இருக்க அவள் கேட்ட மங்கலில் வருகிறவர்கள் சுவரில் முட்டிக்கொள்வார்கள் என்பது அவன் கட்சி. கொஞ்சம் பொறுத்தால் கண் பழகும் என்பது அவள் கட்சி. பந்தயம் வைத்துக்கொண்டு இருவரும் விளக்குகளைத் தணித்துவிட்டுக் கூடத்தில் பேசாமல் நின்றார்கள். முதலில் ஒன்றுமே தெரியவில்லை. பிறகு மெல்ல மெல்ல ஒரு பொன்னிழை... ஒரு கொடி... ஒரு பறவையின் அலகு. கண் பழகப் பழக அங்கி தானாக வெளிச்சம் விட்டது. ஊசி பக்கத்தில் திரும்பினாள். அவன் அங்கியைப் பார்க்கவில்லை.

“கண் பழகிடுச்சு,” என்றான் அவன், குரலே இல்லாமல்.

ஊசிக்குக் காது மடல் சுட்டது. நல்லவேளை, மங்கல் வெளிச்சம். அவள் வெளிச்சம் அளக்கும் மீட்டரைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டாள். மீட்டர் அவள் கையிலேயே இருந்தது.

அன்றைக்கே அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். பாவம், வேலை மும்முரத்தில் இந்த வலது இடதை அவர் ஒவ்வொரு தடவையும் மனதுக்குள் திருப்பிப் பார்க்க வேண்டுமா? நாமே அவர் பேச்சுக்கு மாறிக்கொண்டால் என்ன... கூடத்து வாசலில் உட்கார்ந்திருக்கும் காவலர் அண்ணனிடம் போய், விளக்குக்காரர்கள் இடது என்றால் பார்க்கிறவருடைய இடது என்றுதானே அர்த்தம் என்று உறுதிப்படுத்திக்கொண்டாள். இதைக் கேட்டதாக விளக்குக்காரரிடம் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டாள். காவலர் அண்ணன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு, விழுந்து விழுந்து சிரித்தார். ஏன் சிரித்தார் என்று கேட்கத் தோன்றவில்லை.

திறப்பு விழா நெருங்கியது. அங்கியின் நூல்களைச் சோதனைக்கு அனுப்பியிருந்தாள். குடையில்லாத புண்ணியத்தில் அவளுக்குச் சளி பிடித்து, தொண்டை கட்டி, வீட்டில் படுத்திருந்த நாள் பார்த்து முடிவு வந்தது. இரண்டு பறவைகளும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் ஒன்றை மட்டும் பிற்காலத்தில் வேறு யாரோ பிரித்துத் திரும்பத் தைத்திருக்கிறார்கள். அந்தச் சிவப்பு வெளிச்சம் தாங்காத சிவப்பு. ஒரு வருடம் வெளிச்சத்தில் நின்றால் வெளிறிப்போகும். அது உடுத்தியவரின் வலது தோளில் இருந்த பறவை... அதாவது பார்க்கிறவருக்கு இடது.

ஊசி அவனுக்குப் போன் செய்தாள். வந்தது குரல் இல்லை, வெறும் காற்று. உள்ள தெம்பையெல்லாம் கூட்டி ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்.

“இடது பக்கப் பறவை மேல வெளிச்சமே படக் கூடாது...”

“இடது பக்கப் பறவை. புரிஞ்சுதுங்க. நான் பாத்துக்கறேன். நீங்க பேசாதீங்க... வெந்நீர் குடிங்க.”

போனை வைத்த பிறகு ஊசி போர்வைக்குள் சிரித்துக்கொண்டு படுத்திருந்தாள். அவன் பேச்சில், அவனுக்காக, முதல் முதலாகச் சொன்ன வார்த்தை. கஷாயத்தோடு வந்த அண்ணி, காய்ச்சல் தலைக்கேறிவிட்டதா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

மறுநாள் காலை பாதிக் குரலோடு கூடத்துக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். எந்தப் பறவையை மறைக்கச் சொன்னாளோ அதன்மேல் விளக்கு அழகாக, கச்சிதமாக, நேராக விழுந்துகொண்டிருந்தது. ஒன்றும் ஆகாத மற்ற பறவைக்கு முன்னால் கறுப்புத் தகடு கட்டி நிழல் போட்டிருந்தது. கண்ணாடிப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தவன், பரிசு வாங்கப்போகிற பையன் மாதிரி திரும்பிச் சிரித்தான்.

அந்தச் சிரிப்புதான் அவளை உசுப்பிவிட்டது. ஒரே ஒரு வார்த்தை சொன்னேனே... அதைக்கூட நினைவில் வைத்துக்கொள்ளவில்லையா? அவ்வளவுதானா நான்?

“ஒரு வேலை... ஒரே ஒரு வேலை சொன்னேன். அதைக்கூடக் காதுல வாங்கல. துணிக்கடை ஜன்னலுக்கு விளக்கு போடறவர்கிட்ட இதைக் குடுத்தது எங்க தப்பு.”

அவன் முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. துணிக்கடை ஜன்னல்களுக்கு விளக்கு போட்டுத்தான் அவன் தொழில் கற்றான். அதை அவளிடம் பெருமையாகச் சொன்னவனும் அவன்தான்.

“நீங்க சொன்னதைத்தான் செஞ்சேன்,” என்றான். அவ்வளவுதான். ஏணியை மடக்கினான், பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். இவ்வளவு நாளில் முதல் தடவையாக எதையும் மறந்து வைக்காமல் போனான்.

இயக்குநர் வந்து பார்த்தார். விஷயத்தைக் கேட்டார். மறுநாள் சாயங்காலம் விழா. விளக்கு போடுகிற ஆள் போய்விட்டான். இன்னொருவரைத் தேடி, இந்தத் தகடுகளைப் புரிந்துகொண்டு மாற்றச் சொல்ல நேரமில்லை. நாளை மத்தியானத்துக்குள் சரியாகவில்லை என்றால் அங்கி இழுப்பறைக்குத் திரும்பப் போகும், அதன் புகைப்படத்தைப் பெரிதாக மாட்டிவிடலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

புகைப்படம்... ஊசி அங்கியின் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். அலமாரி அடித்தட்டின் இருட்டிலிருந்து இதை எழுப்பிக் கொண்டுவந்தது மறுபடி ஓர் இருட்டில் படுக்க வைக்கவா? தேவாலயத்திலிருந்து வருகிறவர்கள் காகிதத்தைப் பார்த்துவிட்டுப் போவார்களா? ஒரு ராத்திரி வெளிச்சத்தில் சிவப்புக்கு ஒன்றும் ஆகவில்லை என்று மடிப்புக்குள் மறைந்திருந்த நூலோடு ஒப்பிட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். அதில்கூட ஆறுதல் வரவில்லை. அவளுக்குத் துணிக்காக அழுகை வந்ததா, அவனுக்காக வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

சாயங்காலம் வீட்டில் அண்ணி விழாவுக்குப் போட்டுக்கொள்ள ஒரு புது மேல்சட்டையை மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தோள் தூக்கிக்கொண்டு நின்றது.

“வலது தோளைக் கொஞ்சம் புடிச்சுக் குடுடி.”

ஊசி எதிரே நின்று, கண் எங்கோ இருக்க, ஒரு தோளைப் பிடித்து ஊக்கைக் குத்தினாள்.

“வலதுன்னு சொன்னேன், இடதைப் புடிக்கறே. உன் மனசு இங்க இல்ல...”

“உங்க வலதா, என் வலதா அண்ணி?”

“போட்டிருக்கறது நான்... என் வலதுதான். நீ எப்பவும் அப்படித்தானே சொல்லுவே? எப்பலேருந்து மாறினே?”

எப்போதிலிருந்து மாறினாள்... ஊசியின் கை நின்றுவிட்டது. அவள் மாறியது அவளுக்கும் காவலர் அண்ணனுக்கும் மட்டுமே தெரியும். அவனுக்கு எப்படித் தெரியும்? அவனைப் பொறுத்தவரை ஊசி இடது என்றால்... ஆனால் அவன் தன் வழக்கப்படி கேட்டிருந்தால் சரியாகத்தானே வந்திருக்கும்? எப்படித் தப்பாகும்... அவன் தன் வழக்கத்தை விட்டிருந்தால் ஒழிய? அண்ணி ஒரு தோள் தூக்கியும் ஒரு தோள் இறங்கியும் பொம்மை மாதிரி காத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை அருங்காட்சியகம் திறப்பதற்கு முன்பே ஊசி காவலர் அண்ணன் முன்னால் நின்றாள்.

“அண்ணே... அவர் உங்ககிட்ட ஏதாவது கேட்டாரா? வலது, இடதுன்னு...”

காவலர் அண்ணன் தொப்பியைக் கழற்றினார். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. “சொல்லக் கூடாதுன்னு அந்தத் தம்பி கேட்டுக்கிச்சும்மா. நீயும் அதேதான் கேட்டுக்கிட்டே. நான் என்ன பண்ண? நீ கேட்டதுக்கு முந்தின நாள்தான் வந்துச்சு. ‘அண்ணே, அவங்க இடதுன்னா போட்டிருக்கறவரோட இடதுதானே? இனிமே அவங்க பேச்சுலயே கேட்டுப் பழகிக்கணும், அவங்க எனக்காக மாத்திச் சொல்ற கஷ்டம் வேண்டாம்’னுச்சு.”

ஊசிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒரே நேரத்தில் வந்தன. அவன் பேச்சில் அவள் சொல்லியிருக்கிறாள். அவள் பேச்சில் அவன் கேட்டிருக்கிறான். இருவரும் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் தேடிப்போய், பூட்டின கதவைத் தட்டிவிட்டு வந்திருக்கிறார்கள்.

எங்கே இருப்பான் என்று காவலர் அண்ணனுக்கே தெரிந்திருந்தது. பெரிய தெருவில் புதிதாகத் திறக்கும் துணிக்கடை. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஊசியிடம் குடை இல்லை... அது யாரிடம் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். ஓடினாள். வாழ்க்கையில் முதல் தடவையாக மழையைத் திட்டாமல் ஓடினாள்.

கடையின் முகப்பு முழுக்கக் கண்ணாடி. உள்ளே பொம்மைகளுக்கு நடுவில் ஏணிமேல் நின்று அவன் ஒரு விளக்கைத் திருப்பிக்கொண்டிருந்தான். முகத்தில் சவரம் இல்லை, கண்ணில் தூக்கம் இல்லை. ஏணியின் அடியில் அவள் குடை, ஒழுங்காக மடித்து, சாய்த்து வைத்திருந்தது. ஊசி கண்ணாடியைத் தட்டினாள். அவன் திரும்பினான்... ஏணியிலேயே உறைந்துவிட்டான்.

பேசினால் கேட்காது. ஊசி கண்ணாடிக்கு வெளியே நின்று, தன் இடது கையைத் தூக்கிக் காட்டினாள். பிறகு தன்னைத் தொட்டுக் காட்டி, அவனைச் சுட்டிக்காட்டி, தலையில் அடித்துக்கொண்டாள். தெருவில் போகிறவர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். அவன் புரியாமல், அவள் செய்வதைப் பார்த்துத் தானும் இடது கையைத் தூக்கினான். இரண்டு கையும் எதிரெதிர்ப் பக்கம் நின்றன. அவன் தன் கையைப் பார்த்தான். அவள் கையைப் பார்த்தான். மறுபடி தன் கையைப் பார்த்தான்... மெல்ல வாயைத் திறந்தான்.

மறு நிமிடம் அவன் கடைக் கதவில் நின்றான். ஊசி உள்ளே வரக் காலைத் தூக்கினாள்.

“அப்படியே நில்லுங்க,” என்றான். “எல்லாம் புதுத் துணி. சொட்டச் சொட்ட உள்ள வரக் கூடாது.”

“தூக்கின காலை எங்க வைக்கட்டும்...” என்றாள் ஊசி. குரல் உடைந்துவிட்டது. “நான் உங்க பேச்சுல சொன்னேன். உங்களுக்காக மாத்திச் சொன்னேன். உங்களைக் காயப்படுத்தினதுக்கு... என்ன சொல்றதுன்னு தெரியல. துணிக்கடைன்னு சொன்ன வாயை வளைஞ்ச ஊசியாலயே தைக்கணும்.”

“நான் உங்க பேச்சுல கேட்டேன்,” என்றான் அவன். “ராத்திரியெல்லாம் யோசிச்சேன். அவங்க சொன்னதைத்தானே செஞ்சோம், எங்க தப்புன்னு... ரெண்டு பேருமே மாறினா இப்படித்தான் ஆகும்னு தோணவே இல்ல.”

“சொல்லியிருக்கலாமே... அன்னிக்கே என்னை எதிர்த்துச் சண்டை போட்டிருக்கலாமே.”

“உங்ககிட்டயா? எனக்கு ரோஷம் இருக்குங்க... தைரியம் இல்ல.”

அவன் குடையை எடுத்து விரித்தான். அவள் தலைக்கு மேலே பிடித்தான், தன் தோள் நனைய. பல்புப் பெட்டிக்குக் கிடைத்த மரியாதை தனக்கும் கிடைத்துவிட்டது என்று ஊசி நினைத்துக்கொண்டாள். கடைக்காரர் உள்ளேயிருந்து, ஜன்னல் வேலை பாதியில் நிற்கிறதே என்று சத்தம் போட்டது இருவர் காதிலும் விழவில்லை.

தகட்டை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாற்றி, விளக்குகளை அப்படியே திருப்ப அதிக நேரம் பிடிக்கவில்லை. அவன் செய்திருந்த வேலை அவ்வளவு சுத்தம். முகம் பார்க்கும் கண்ணாடியில் பார்த்தால் தப்பே சொல்ல முடியாது. ஊசி அவன் அனுமதிக்கும் முன்பே ஏணியைப் பிடித்துக்கொண்டாள். மீட்டரை வெளிச்சம் தாங்காத அந்தப் பறவையின் முன்னால் நீட்டினாள். முள் எழும்பவே இல்லை. இயக்குநர் வந்தார், மீட்டரைப் பார்த்தார், இருவரையும் பார்த்தார்.

“வேலை சரி,” என்றார். “பக்கம்தான் தப்பா இருந்திருக்கு.” கதவுவரை போனவர் திரும்பி, “இனிமே பக்கத்துல நின்னு பேசிக்குங்க,” என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் அதைச் சிரித்துக்கொண்டு சொன்னாரா என்று இருவராலும் கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை.

சாயங்காலம் தேவாலயத்திலிருந்து வந்தவர்கள் மங்கலான கூடத்துக்குள் கூட்டமாக நுழைந்தார்கள். ஒன்றும் தெரியவில்லையே என்று முணுமுணுத்தார்கள். கொஞ்சம் பொறுங்கள் என்றாள் ஊசி. பேச்சு அடங்கியது. பொன்னிழை ஒன்று தெரிந்தது... கொடி தெரிந்தது... பறவைகள் தெரிந்தன. முன்னால் நின்ற பாடகர் குழு அம்மாள் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, நம்முடையதா இது, நம்முடையதா என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டுக்கொண்டே இருந்தார். ஊசிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

கூட்டம் அடுத்த கூடத்துக்கு நகர்ந்தது. இரண்டு தோளும் ஒழுங்காக இறங்கிய மேல்சட்டையில் வந்திருந்த அண்ணி, விளக்குக்காரனை ஏற இறங்கப் பார்த்து, அவன் கையில் இருந்த குடையையும் பார்த்து, ஓகோ என்றாள். கூட வந்திருந்த ஊசியின் அண்ணனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நாணயம் பார்க்கப் போனாள். நாணயத்தில் அண்ணிக்கு அதுவரை அக்கறை இருந்ததாக யாருக்கும் தெரியாது.

இருவர் மட்டும் அங்கியின் முன்னால் நின்றார்கள். தோளுக்குத் தோள்.

“அதுங்க இன்னும் சண்டை போட்டுட்டுத்தான் இருக்கு,” என்றான்.

“முறைக்கறது கோபத்துல இல்லன்னு இப்பத்தான் தோணுது...” என்றாள் ஊசி. “யார் முதல்ல சொல்றதுன்னு பாத்துட்டு நிக்குதுங்க.”

அவன் குடையை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினான். தொண்டையைச் செருமினான். ஏணிமேல் அவ்வளவு உயரத்தில் ஆடாத ஆள், சமதரையில் தடுமாறிக்கொண்டிருந்தான். அவளுக்குப் பாவமாகவும் இருந்தது, ஆசையாகவும் இருந்தது.

“ஒரு சந்தேகம்,” என்றான் கடைசியில். “இப்ப இடது எது?”

ஊசி இடது கையை லேசாகத் தூக்கினாள். அவனும் தூக்கினான். இரண்டு கையும் ஒரே பக்கம் இருந்தன.

“ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான்...” என்றாள் மெதுவாக.

“எதிர்ல நின்னாத்தான் குழப்பம். இப்படிப் பக்கத்துல நின்னா... மாத்திச் சொல்லவும் வேண்டாம், மாத்திக் கேக்கவும் வேண்டாம்.” அவன் அங்கியைப் பார்த்தபடியே பேசினான். அவள் பக்கம் திரும்பினால் சொல்ல வந்தது மறந்துபோகும் என்று பயந்தவன் மாதிரி. “எனக்கு உன் பக்கத்துலயே நிக்கணும்... எப்பவும்.”

உன் என்றான். அவனே அறியாமல் என்றான். ஊசியின் நாக்கு நுனியில் எப்போதும் இருக்கும் அந்த ஊசி, அந்த நேரம் பார்த்து எங்கோ தொலைந்துபோனது.

“நானும் அதைத்தான் சொல்லிட்டிருந்தேன்,” என்றாள். “போன்ல... குரல் வராம... இடதுன்னு.”

அவன் திரும்பினான். அந்தக் கறுப்புக் கண்களில் ஒரு துளி. இந்தத் தடவை அது மழை இல்லை. ஊசி தன் இடது கையை நீட்டி அவன் விரல்களைப் பற்றிக்கொண்டாள்.

வாசலில் காவலர் அண்ணன் தொண்டையைச் செருமினார். மூடும் நேரம் ஆகிவிட்டதாம், வெளியே மழை பிடித்துக்கொண்டதாம், குடை இருக்கிறதா என்று கேட்டார்.

“ஒண்ணு இருக்குண்ணே,” என்றான் விளக்குக்காரன். “போதும்.”